குடும்பம் தந்த விபரம்

மெதுவாக் கதையுங்கோ தம்பி. உந்தக் கேள்வியை நிறைஞ்ச பஸ்ஸுக்கை இவ்வளவு சத்தமாக் கேக்கக்கூடாது. எனக்கு ஒண்டும் இல்லை. முன் சீற்றிலை இருக்கிற மனிசி ஒருக்காத் திரும்பிப் பாத்ததைக் கண்டனீங்களோ? அவவின்ரை வீட்டிலை என்ன நடந்ததோ, ஆருக்குத் தெரியும். நீங்கள் தமிழ்நாடு எண்டு வாயைத் திறந்த உடனை எல்லாருக்கும் விளங்கியிட்டுது. எந்தப் பக்கம், மதுரையோ? சரி, திண்டுக்கல். சிநேகிதன்ரை கலியாணத்துக்கு வாறியள், நல்ல விசயம். யாழ்ப்பாணத்திலை உங்களை நல்லா வைச்சுப் பாப்பினம். கறி மட்டும் கொஞ்சம் உறைக்கும், கவனமாச் சாப்பிடுங்கோ.

இந்தியன் ஆமி வரேக்கை நீங்க இங்கதான் இருந்தீங்களா எண்டு கேட்டியள். இருந்தனாங்கள். வேறை எங்கை போறது? சனம் என்ன நினைச்சது எண்டு கேட்டால், எந்த மாதம் எண்டு நான் திருப்பிக் கேப்பன். எண்பத்தேழு ஆவணியிலை வந்து கேட்டிருந்தால் ஒரு மறுமொழி. ஐப்பசியிலை வேறை. அவங்கள் கப்பலேறின பிறகு கேட்டிருந்தால் பிறகும் வேறை. ஒரே வாய்தான்.

என்ரை மாமியை எடுங்கோ, என்ரை மனிசியின்ரை தாய். ஆவணியிலை அவ கேற்றடியிலை மேசை போட்டு, வெள்ளை விரிச்சு, நிறைகுடம் வைச்சவ. கலியாண வீட்டுக்கு மாப்பிளை வரேக்கை வைக்கிறமே, அதே நிறைகுடம். முதல் ட்ரக்கிலை இருந்த ஒரு சர்தார்ஜிக்குச் சந்தனம் பூசப் போய், அவன் பயந்து தலையை இழுத்ததை நாங்கள் ஒரு கிழமையாச் சொல்லிச் சிரிச்சம். இனிப் பிள்ளையள் பங்கருக்கை படுக்கத் தேவையில்லை எண்டு அவ அழுதவ. செல்லத்துரை வாத்தியார் மட்டும் படலைக்கு வெளியிலை வரேல்லை. 'அவன் தன்ரை அலுவலா வாறான், நீங்கள் எல்லாரும் ஏன் காணும் சந்தனம் பூசுறியள்' எண்டு என்னைக் கேட்டவர். எனக்கு அவரிலை கோவம். பிறகு ஐப்பசி வந்துது. ஷெல் வந்துது. நாங்கள் எல்லாரும் கோயில் மடத்திலை போய்க் கிடந்தம். மாமி அந்த மடத்திலைதான் வயித்தாலை போய்ச் செத்தவ. சாகிறதுக்கு முதல்நாள் அவ சொன்னதை உங்களுக்குச் சொல்லமாட்டன், நீங்கள் விருந்தாளி.

ஆனா, உங்கடை ஆக்கள் போன பிறகு வந்ததுகளைப் பாத்திட்டு, 'அவங்கள் இருந்திருக்கலாம்' எண்டு சொன்ன ஆக்களும் எங்கடை ஊரிலை இருக்கினம். அவையும் பொய் சொல்லேல்லை.

நானோ? நான் நடுவிலை நிண்டனான். என்ரை உத்தியோகம் அப்பிடி. நான் விதானை. உங்கடை ஊரிலை கிராம நிர்வாக அலுவலர் எண்டு ஒராள் இருப்பார் எல்லோ, அதுதான். கரம்பன்கேணி எண்டு ஊர், கொடிகாமம் தாண்டிச் சந்தியிலை இறங்கி உள்ளுக்குப் போகவேணும். இருபத்தொன்பது வருசம் அந்த ஒரே பிரிவு. ஊரிலை ஆர் பிறந்தது, ஆர் செத்தது, ஆர் ஆற்றை காணிக்கை வேலி போட்டது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். இப்ப மகளோடை வவுனியாவிலை இருக்கிறன். வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வந்து, இப்ப இருக்கிற சின்ன விதானைக்கு முன்னாலை நிண்டு, நான் இன்னும் உயிரோடை இருக்கிறன் எண்டு கையெழுத்து வாங்கவேணும். இல்லாட்டிப் பென்சன் நிண்டுபோம். சிரியுங்கோ, பரவாயில்லை. எனக்கும் சிரிப்பு வாறது.

இந்தமுறை அதோடை இன்னொரு அலுவலும் இருக்கு. சந்தியிலை ஒராள் காரோடை வந்து நிக்கிறன் எண்டவர். உதயசீலன் எண்டு பேர், ஜேர்மனியிலை இருந்து வந்திருக்கிறார். எனக்குப் பக்கத்து வளவு. அவருக்கு என்னட்டை ஒரு கடிதம் வேணும். ஒரே ஒரு பக்கம். அவற்றை தாய்க்கு எண்பத்திமூண்டு வயசு, ஏலாமல் கிடக்கிறா. அவவுக்கு அந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டவேணுமாம்.

என்ன கடிதமோ? சொல்லுறன். ஆனையிறவு இன்னும் வரேல்லை, நேரம் கிடக்கு.

உதயசீலன்ரை தேப்பன் சபாநாதன் அண்ணை. சந்தியிலை சைக்கிள் கடை. கதைக்கவே காசு கேக்கிற மாதிரி ஒரு மனிசன், அவ்வளவு அமைதி. மனிசி தவமலர், நாங்கள் தவமக்கா எண்டுவம். எங்களுக்கும் அவைக்கும் இடையிலை ஒரு கிடுகு வேலி, அதுக்குள்ளை ஒரு பொட்டு. பொட்டு எண்டால் வேலியிலை ஆள் பூந்து போற ஓட்டை. கறி போகும், கறி வரும். என்ரை மகள் பாதி நாள் அங்கைதான் சாப்பிட்டவள். உதயசீலன் எண்பத்தாறு வைகாசியிலை வெளிக்கிட்டவன். கொழும்பு போய், மொஸ்கோ போய், பேர்லினுக்குள்ளை பூந்து, ஜேர்மனி. பெடியள் அப்ப அப்பிடித்தான் போனவை, ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. விடிய எழும்பிப் பாத்தால் ஆள் இல்லை.

இப்ப கூப்பன் மட்டை, உங்கடை ரேஷன் கார்ட், அந்தக் கதைக்கு வாறன். இது உங்களுக்கு விளங்கவேணும், இல்லாட்டிப் பிழை முழுக்க என்ரை தலையிலை எண்டு நினைப்பியள். சண்டை முடிஞ்ச உடனை நிவாரணம் வந்தது. அரிசி, கோதம்பை மா, சீனி, பருப்பு. தலைக்கு இவ்வளவு எண்டு. குடும்பத்திலை எத்தினை தலை எண்டு விதானை பட்டியல் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். சனம் பட்டினி. அப்ப என்ன செய்யும் சனம்? வெளிநாடு போனவன்ரை பேரை வெட்டாது. செத்தவையின்ரை பேரையும் வெட்டாது. எங்கடை பகுதியிலை இதை ஒருத்தரும் களவெண்டு நினைக்கிறேல்லை. பேர் கிடந்தால் மா வரும், அவ்வளவுதான். என்ரை வீட்டு மட்டையிலை மாமியின்ரை பேரும் கிடந்ததுதான். அது மறதி. செத்தவீட்டு அந்தரத்திலை ஆர் தம்பி பேர் வெட்டுறது.

தவமக்கா பொட்டுக்குள்ளாலை வந்து கேட்டவ. 'தம்பி, உதயன்ரை பேரை என்ன செய்யிறது' எண்டு. அவ வெட்டத்தான் வந்தவ, அதை நான் ஒளிக்கேல்லை. 'விடுங்கோ அக்கா, ஆர் பாக்கப்போறான்' எண்டு நான் சொன்னனான். நல்லதுக்குத்தானே சொன்னனான்? அந்த மாவிலை புட்டு அவிச்சு என்ரை பிள்ளையும் சாப்பிட்டவள்.

அப்பிடி என்ரை பிரிவிலை நாப்பத்தொரு பேர். ஊரிலை இல்லாத ஆக்கள், பட்டியலிலை இருந்தவை.

அது மாவுக்கு எழுதின பட்டியல். அதுதான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது. மா வாங்கிறதுக்கு எழுதினது. தைப்பொங்கல் கழிய, பள்ளிக்கூடத்திலை காம்ப் போட்டிருந்த கப்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். வடக்கத்தியான், மீசை இல்லை, சின்ன வயசு. நல்ல மரியாதை. கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தவன். 'விதானை, உம்மடை பட்டியலிலை எனக்கு ஒரு கொப்பி வேணும்' எண்டான். ஏன் எண்டு நான் கேக்கேல்லை. துவக்கு வைச்சிருக்கிறவனை ஏன் எண்டு ஆர் கேக்கிறது? நீங்கள் கேட்டிருப்பியளோ? அதுதானே.

வெட்டிப்போட்டுக் குடுத்திருக்கலாமே எண்டு செல்லத்துரை வாத்தியார் பிறகு கேட்டவர். எப்பிடி வெட்டுறது? ஒரு கொப்பி கச்சேரியிலை, உங்கடை கலெக்டர் ஒபிஸ் மாதிரி, அங்கை கிடக்கு. ரெண்டும் பொருந்தாட்டி என்ரை உத்தியோகம் போம், ஆமியும் ஏன் ஒளிச்சனி எண்டு கேப்பான். சனத்துக்குச் சொல்லிவைப்பம் எண்டு நினைச்சனான், பட்டியல் காம்புக்குப் போட்டுது, கேட்டால் கவனமா மறுமொழி சொல்லுங்கோ எண்டு. சில பேருக்குச் சொன்னனான். தமையன் வீட்டுக்குச் சொன்னனான். அவையின்ரை மூத்தவன்ரை பேரை மட்டும் வெட்டித்தான் குடுத்தது. அவை வந்து கேட்டவை, கேட்டால் செய்யத்தானே வேணும். சபா அண்ணைக்கும் சொல்லத்தான் இருந்தனான். பொட்டுக்குள்ளாலை போற தூரம்தான். நாளைக்கு, நாளைக்கு எண்டு போட்டுது.

மாசி மாதம். பனி நேரம். விடியப்பறம் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு வந்தாங்கள். பதினைஞ்சு வயசுக்கு மேற்பட்ட ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வா. பொம்பிளையள் கோயிலடிக்குப் போ. சுற்றிவளைப்பு. முந்தியும் ரெண்டுதரம் நடந்தது, அப்ப முகத்தை மூடின ஒராள் ஜீப்புக்குள்ளை இருந்து தலையாட்டினவன், அவன் ஆட்டினால் ஏத்துவாங்கள். இந்தமுறை தலையாட்டி இல்லை. மேசை போட்டுக் கிடந்தது. மேசையிலை என்ரை பட்டியல்.

என்னை மேசைக்குப் பக்கத்திலை நிப்பாட்டினாங்கள், வீடு வீடா வாசிக்க. எனக்கு மற்றப் பக்கத்திலை பேச்சிமுத்து எண்டு ஒரு ஆமிக்காரன். உங்கடை ஆள், திருநெல்வேலிப் பக்கம். நல்லவன். பொய் சொல்லமாட்டன், தங்கமானவன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது காம்பிலை இருந்து குளிசை கொண்டுவந்து தந்தவன். ஊரிலை தனக்கும் இதே வயசிலை ஒரு பிள்ளை எண்டு பேர்சுக்கை இருந்து படம் காட்டினவன்.

ஒரு வீடு, ரெண்டு வீடு, அஞ்சு வீடு. பேரை வாசிக்க, ஆள் முன்னாலை வர, கப்டன் தலையை எண்ணுவான். கூடிக் குறைஞ்சால் கேப்பான். சில பேர் 'கொழும்பிலை படிக்கிறான்' எண்டினம், பள்ளிக்கூடக் கடிதம் காட்டினம். சில பேரை ஒரு பக்கமா இருத்தினான். வெய்யில் ஏறுது. அறுநூறு ஆம்பிளையள் நிலத்திலை குந்தியிருக்கினம். பட்டியல்தான் கணக்கு எண்டு எல்லாருக்கும் அப்பதான் விளங்கியிருக்கவேணும். ஆக்கள் என்னைப் பாக்கத் துவங்கினவை. நான் கடதாசியைப் பாத்தன்.

சபா அண்ணையின்ரை வீடு வந்துது. வாசிச்சன். மூண்டு பேர். சபாநாதன், தவமலர், உதயசீலன், வயசு இருபத்திரண்டு.

மனிசன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு தனிய எழும்பி வந்துது. நகத்துக்குள்ளை கிறீஸ் அப்பிடியே கிடக்கு. மகன் எங்கை எண்டான் கப்டன். 'ஜேர்மனியிலை ஐயா. ரெண்டு வருசமாகுது' எண்டார். பேச்சிமுத்து அதை ஹிந்தியிலை சொன்னான். கப்டன் சிரிச்சான். எல்லாற்றை மகனும் ஜேர்மனியிலைதான் எண்டான். கடிதம் இருக்கு, வீட்டிலை இருக்கு, மனிசியை விட்டால் எடுத்துக்கொண்டு வருவா எண்டு சபா அண்ணை சொன்னார். பொம்பிளையள் கோயிலடியிலை, அங்கை இருந்து ஒருத்தரையும் அசையவிடேல்லை. பிறகு கப்டன் என்ரை பக்கம் திரும்பினான். இங்கிலிசிலை கேட்டான், ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாக் கேட்டான். 'விதானை, நீர் போன மாதம் கையெழுத்து வைச்சுத் தந்த பட்டியலிலை இந்தப் பெடியன் இந்த வீட்டிலை இருக்கிறான். இந்த ஆள் ரெண்டு வருசமா இல்லை எண்டுறான். எது உண்மை?'

தம்பி, நீங்கள் என்ரை இடத்திலை நிண்டு பாருங்கோ. அவன்ரை பேர் பொய்ப் பேர் எண்டு நான் சொன்னால், பட்டியல் முழுக்கப் பொய் எண்டு ஆகும். நாப்பது வீடு இன்னும் வாசிக்கக் கிடக்கு. நாப்பது வீட்டையும் நான்தானே பாக்கவேணும்? ஒராளுக்காக நாப்பது பேரை விடேலுமோ? அண்டைக்கு அந்த வெய்யிலிலை இதெல்லாத்தையும் யோசிச்சுத்தான் நான் நிண்டனான்.

பேச்சிமுத்து எனக்குக் கிட்ட வந்து மெதுவாச் சொன்னான். 'சார், ஒங்களுக்குத் தெரியும்ல சார்? ஒரு வார்த்த சொல்லுங்க சார். மத்தத நான் கேப்டன்கிட்ட பேசிக்கிடுதேன்.'

சபா அண்ணையும் என்னைப் பாத்தார். 'விதானையார், நீங்கள்தானே...' எண்டு துவங்கினார். துவங்கிப்போட்டு விட்டிட்டார். எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு அவருக்கு விளங்கியிருக்கும், அதுதான் விட்டவர்.

நான் சொன்னன். 'இது குடும்பம் தந்த விபரம், சேர்.'

அவ்வளவுதான் சொன்னனான். அது பொய்யில்லை. பட்டியலின்ரை அடியிலை அதே வசனம்தான் அச்சடிச்சுக் கிடக்கு. மேற்படி விபரங்கள் குடும்பத் தலைவரால் வழங்கப்பட்டவை. பாத்தால் தெரியும். இப்ப பாக்கேலாது, ரெண்டாயிரத்திலை இடம்பெயரேக்கை என்ரை கந்தோரோடை, அதுதான் ஒபிஸோடை, எல்லாம் எரிஞ்சுபோட்டுது.

பேச்சிமுத்து அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை, கப்டனுக்கு இங்கிலிஸ் விளங்கும். அவன் என்னைத்தான் பாத்தான், பேச்சிமுத்து. அதுக்குப் பிறகு அவன் எங்கடை வீட்டுப் பக்கம் வரேல்லை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தவள், அந்த மாமா ஏன் வாறேல்லை எண்டு.

சபா அண்ணையோடை வேறை மூண்டு பேரையும் ட்ரக்கிலை ஏத்தினாங்கள். மிச்ச வீடுகளை வாசிக்கவே இல்லை, கப்டனுக்கு அலுத்துப்போட்டுது. பாத்தியளோ, நாப்பது வீடும் தப்பியிட்டுது.

பின்னேரம் செல்லத்துரை வாத்தியார் என்ரை வீட்டுக்கு வந்தவர். வாரும் காம்புக்குப் போவம், போய் நாலு பேருக்காகவும் கதைப்பம் எண்டு. எனக்கு அண்டைக்குச் சரியான காய்ச்சல். மனிசி பரமேஸ்வரியைக் கேட்டால் சொல்லுவாள், ஆனா அவள் இப்ப இல்லை. வாத்தியார் தனியப் போனார். மற்ற மூண்டு பேற்றை வீட்டு விசயம் அவருக்குத் தெரியும், சொல்லி வெளியிலை எடுத்துக்கொண்டு வந்திட்டார். ஆவணியிலை படலைக்கு வெளியிலை வராத மனிசன். சபா அண்ணைக்கும் சொன்னவர்தான். 'அந்த ஆளின்ரை விசயம் பட்டியல் சம்பந்தப்பட்டது, விதானை வந்து எழுதித்தந்தால் விடலாம்' எண்டு கப்டன் சொன்னானாம். வாத்தியார் வந்து அதையும் என்னட்டைச் சொன்னார். காய்ச்சல் விட்ட உடனை போறன் எண்டன். மூண்டாம் நாள் போனன், போகாமல் விடேல்லை. வேறை காம்புக்கு அனுப்பியாச்சு எண்டாங்கள். அங்கை போய்க் கேட்டால் வரவே இல்லை எண்டாங்கள். பிரஜைகள் குழுவும் போய்க் கேட்டது. தவமக்கா ரெண்டு வருசம் ஒவ்வொரு காம்பாப் போய் நிண்டவ. தொண்ணூறு பங்குனியிலை உங்கடை ஆக்கள் கப்பலேறேக்கையும் துறைமுகம் மட்டும் போனவவாம், கப்பலிலை ஏத்துகினமோ எண்டு பாக்க.

ஆள் வரேல்லை.

உங்களைக் குறை சொல்லேல்லை தம்பி, நீங்கள் அப்ப பிறந்தும் இருக்கமாட்டியள். குனிஞ்சு கொண்டிருக்காதேங்கோ.

ஊருக்குள்ளை ரெண்டு கதை. மகன் இயக்கத்திலை இருந்தவன், தேப்பன் மறைச்சவர், அதாலை பிடிபட்டவர் எண்டு ஒரு பகுதி. மனிசன் பயத்திலை பொய் சொல்லி மாட்டுப்பட்டுது எண்டு மற்றப் பகுதி. ரெண்டு பகுதிக்கும் சபா அண்ணை பொய்காரன். தவமக்காவுக்கு அதுதான் ஏலாமல் போனது. மனிசன் போனதைவிட அது.

இயக்கம் திரும்பி ஊருக்குள்ளை வந்த உடனை ஆமிக்கு உதவி செய்த ஆக்களைத் தேடத் துவங்கினது. என்னையும் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு நாள் வைச்சவை. அப்ப மின்கம்பத்திலை கட்டிச் சுட்டால் ஒரு காரணமும் கேக்க ஆளில்லை. தவமக்காவைக் கூப்பிட்டுக் கேட்டவை, உங்கடை மனிசனை இவர்தான் காட்டிக் குடுத்ததோ எண்டு. அடுத்த அறையிலை இருந்து எனக்குக் கேட்டது. 'இல்லைத் தம்பியவை, விதானையாருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை விடுங்கோ, அவருக்குச் சின்னப் பொம்பிளைப் பிள்ளை இருக்கு' எண்டு சொன்னவ. என்னை விட்டிட்டினம். உண்மையைச் சொன்னவ, அதாலை விட்டவை. ஆனா ஒரு விசயம், அண்டைக்குப் பின்னேரம் நான் வீட்டை வந்து பாக்க வேலிப் பொட்டை அடைச்சுக் கிடந்தது. புதுக் கிடுகு வைச்சு, கம்பி போட்டுக் கட்டி. அவவே கட்டியிருக்கிறா. எனக்கு அது சரியான மனவருத்தம். முப்பத்தாறு வருசமா என்னோடை கதையில்லை. நான் அவவுக்கு என்ன செய்தனான்? நீங்கள் சொல்லுங்கோ.

இப்ப மகன் ரெலிபோன் எடுத்து, 'மாமா, அம்மாவுக்கு வேறை ஒண்டும் வேண்டாம்' எண்டுறான். 'அப்பா அண்டைக்குச் சொன்னது உண்மை, அது எனக்கு அப்பவே தெரியும் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. நான் ஒரு இடமும் கொண்டுபோகமாட்டன். அம்மா கேட்டிட்டுக் கண்ணை மூடட்டும்.' மரியாதையாத்தான் கேக்கிறான். வீடியோவிலை வாங்கோ மாமா, முகத்தைப் பாப்பம் எண்டவன். எனக்கு உந்த வீடியோ ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்.

எழுதாமல் இல்லை. எழுதித்தான் கொண்டு வாறன். இந்தா, வாசிக்கிறன் கேளுங்கோ. 'அமரர் சபாநாதன் அவர்கள் எனது பிரிவில் நிரந்தரமாக வசித்தவர் என்றும், நற்குணமும் நன்னடத்தையும் உடையவராக என்னால் நன்கு அறியப்பட்டவர் என்றும், சைக்கிள் திருத்தும் தொழிலை நேர்மையாகச் செய்துவந்தவர் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' பழைய முத்திரையும் குத்தியிருக்கிறன். நல்லா இருக்கோ?

என்ன?

அந்த வரி இல்லைத்தான். அந்த வரியை எப்பிடித் தம்பி எழுதுறது? 'எனக்கு அப்பவே தெரியும்' எண்டு எழுதினால் அது என்ன அர்த்தம்? வாசிக்கிறவன் என்னை என்னெண்டு நினைப்பான்?

உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறியள். இது என்ன கேள்வி. தெரியாமல் என்ன? சபா அண்ணைக்கு இங்கிலிஸ் எழுத்து வராது. மாதம் ஒருக்கா ஜேர்மனிக்குக் கடிதம் போடேக்கை பொட்டுக்குள்ளாலை வந்து என்ரை மேசையிலை வைப்பார், நான்தான் விலாசம் எழுதிக் குடுக்கிறனான். உதயசீலன் இருந்த அகதி விடுதியின்ரை பேர், தெரு, இலக்கம் எல்லாம் இப்பவும் எனக்குப் பாடம். சுற்றிவளைப்புக்கு நாலு நாளைக்கு முதலும் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தனான்.

ஏன் இப்பிடிப் பாக்கிறியள்? பேச்சிமுத்து மாதிரிப் பாக்காதேங்கோ. அவனும் உங்கடை வயசுதான்.

இது கொடிகாமம். சந்தை தெரியுதோ? தேங்காய்க்கும் பிலாப்பழத்துக்கும் பேர்போன இடம். இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

தம்பி, உங்கடை தொப்பியை ஒருக்காத் தருவியளோ? வெய்யில் கண்ணுக்கை குத்துது.

அந்தா, சந்தி. வெள்ளைக் கார் ஒண்டு நிக்குது. பக்கத்திலை நிக்கிறவர்தான் போலை. தலை நரைச்சுப்போட்டுது, நடக்கேக்கை தேப்பனை மாதிரியே தோளை ஒரு பக்கம் சரிக்கிறான். காருக்குள்ளை ஆர்? முன் கதவு திறந்து கிடக்கு. குடை பிடிச்சுக்கொண்டு... தவமக்கா. அவவும் வந்திருக்கிறா. ஏலாமல் கிடக்கிறா எண்டவன். எழும்பி வந்திருக்கிறா. பஸ்ஸைப் பாத்துக்கொண்டிருக்கிறா.

இல்லை, நான் இறங்கேல்லை. சாவகச்சேரிக்குத்தான் ரிக்கற் எடுத்தனான். வவுனியாவிலையே அப்பிடித்தான் எடுத்தது. அங்கை ஒரு ஓட்டோ பிடிச்சு, சின்ன விதானையின்ரை கந்தோருக்குப் பின் ஒழுங்கையாலை போயிட்டு, இரவைக்கிடையிலை திரும்பிப் போகலாம். கடிதத்தைத் தபாலிலை போட்டுவிடுவன்.

ஏன் பஸ் இவ்வளவு நேரம் நிக்குது. ஆக்கள் இறங்கி முடிஞ்சுதே. அவன் ஏறுறான். கண்டக்டரோடை கதைக்கிறான். ஒவ்வொரு சீற்றாப் பாத்துக்கொண்டு வாறான். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பாமல் இப்பிடியே இருங்கோ, என்னை மறைச்சுக்கொண்டு. கொஞ்சம் முன்னுக்குச் சரியுங்கோ.

முன் சீற்று மனிசியைக் கேக்கிறான். குலவீரசிங்கம் எண்டு ஒரு வயசான ஐயா இதிலை வந்தவரோ எண்டு. அவ தெரியாது எண்டு தலையாட்டுறா.

உங்களைத்தான் கேக்கிறான் தம்பி. நிமிந்து சொல்லுங்கோ, தெரியாது எண்டு. யோசிக்காதேங்கோ. அது பொய்யில்லைத்தானே, நீங்கள் என்ரை பேரைக் கேக்கவே இல்லையே.